இரண்டு மெத்தை, ஒரு சாய்மானம்

சிவமயம்

சுரண்டை
8-6-1958

அன்புள்ள அத்தானுக்கு வடிவு வணக்கமாய் எழுதுவது.

இங்கே அண்ணன் வீட்டில் எல்லாரும் சுகம். அங்கே நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதை முதலில் எழுதுங்கள். மதினி கைக்கு உப்பு கொஞ்சம் தூக்கல். நீங்கள் வாய்விட்டுச் சொல்லாமல் மோரை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு மில்லுக்குப் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வந்த காரியத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். நான்கு நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் பஸ் ஏறினேன். ஆனால் திரும்பி வருகிற எண்ணத்தோடு ஏறவில்லை. பாளையங்கோட்டை டாக்டரம்மா சொன்னதை நீங்களும்தான் கேட்டீர்கள். எனக்குப் பிள்ளை பிறக்காது. இனிமேல் எந்தக் கோயிலுக்கு நேர்ந்தாலும் பிறக்காது. மதினி கெட்டவர்கள் இல்லை, உங்கள் அக்காதானே. தம்பி வம்சம் விளங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள், யார்தான் நினைக்க மாட்டார்கள். இலத்தூரில் ஒரு பெண் இருப்பதாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் காதில் விழவேண்டும் என்று சொல்லவில்லை, விழுந்துவிட்டது.

புதுச் சட்டத்தில் ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக் கூடாது. ஆனால் விலகிக்கொள்ள ஏதோ வழி இருக்கிறதாம். ஒரு வக்கீலைக் கேளுங்கள். எதில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

கோபத்தில் எழுதுவதாக நினைத்துவிடாதீர்கள். உங்களைப் போல ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை, அதனால்தான் எழுதுகிறேன். டாக்டரம்மா சொல்லி முடித்து வெளியே வந்ததும் நல்ல வழுக்கையாகப் பார்த்து எனக்கு இளநீர் வெட்டச் சொன்னீர்கள். அதை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். இப்படிப்பட்டவருக்கு ஒரு குழந்தை இல்லாமல் போக நான் காரணமாக இருக்க மாட்டேன்.

உடனே பதில் எழுதவும்.

இப்படிக்கு,
வடிவு


தென்காசி
14-6-1958

பிரியமுள்ள வடிவுக்கு,

கடிதம் கிடைத்தது, படித்தேன். சாப்பாடு நீ சொன்னபடிதான், வீட்டில் மோர் போதவில்லை. சாரல் பிடித்துவிட்டது. பேரருவியில் இரண்டு நாளாகக் குளிக்க விடவில்லையாம். குற்றாலம் ரோட்டில் மெட்ராஸ் கார்களாக வந்து குவிகின்றன.

விஷயம் என்னவென்றால், நம் காரில் இருந்த பெஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

நான்கு வருஷமாக அது என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. எஸ்டேட் மானேஜர் துரை சீமைக்குப் புறப்படும்போது அந்த எம்.ஜி. காரை நம்மிடம் விட்டுப் போனாரே, அன்றைக்கு அது இருந்த இருப்பென்ன. கறுப்பு உடம்பு, நீண்ட மூக்கு, ஹூட் என்று மடக்கி வைக்கிற துணிக் கூரை, பின்பக்கமாகத் திறக்கிற கதவு, உள்ளே சிவப்புத் தோலில் சீட். ஊரே வந்து பார்த்தது. அக்கா மட்டும்தான், "ஏல சம்பந்தம், மாட்டுத் தோலுல உக்காந்துட்டுக் குற்றாலநாதர் சன்னதிக்குள்ள காலு வைக்கதா? அதுவும் ரெண்டு பேருக்குத்தான் எடம்னா நான் எதுல வருவேன்?" என்றாள். நானும் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற ஆளைக் கூப்பிட்டு, சீட்டைக் கழற்றிவிட்டுப் பச்சை ரெக்ஸினில் ஒரே பெஞ்சாக அடித்து வைத்தேன். அக்கா கதவோரம், நீ நடுவில். ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் உன் முழங்காலை நகர்த்தச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கென்று கட்டின வண்டியில் மூன்றாவது ஆளைத் திணித்தால் வண்டியும் கெடும், உட்காருகிறவர்களும் கெடுவார்கள். இது எனக்கு இப்போதுதான் புத்தியில் ஏறியது.

பழைய சீட்டை நினைத்துப் பார். அடியில் தனித்தனியாக இரண்டு மெத்தை, ஆனால் முதுகுக்குச் சாய்மானம் இருவருக்கும் சேர்த்து ஒன்று. ஒருவர் முன்னே பின்னே தள்ளிக்கொண்டால் மற்றவரும் கூடவே போக வேண்டியதுதான். என்ன நினைத்து அப்படிச் செய்தானோ, அவன் மூளையே மூளை.

குஷன் தைக்கிற துல்கர்னைன் பாயைக் கூட்டிவந்து காட்டினேன். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அண்ணாச்சி, பஸ்ஸு சீட்டு, ஜட்கா சீட்டு எல்லாம் தச்சாச்சு. இதையும் தச்சிட்டேன்னா பேரன்பேத்திகிட்டச் சொல்லிக்கிடலாம்" என்கிறார். மெத்தை இரண்டும் மில் குடோனில் தவிட்டு மூட்டைக்கு அடியில் கிடைத்தன. எலி குடும்பம் நடத்தியிருக்கிறது, ஆனாலும் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. சாய்மானத்தைத்தான் காணோம். பாடி கட்டினவன் எங்கேயோ விற்றுத் தொலைத்துவிட்டான்.

நிறம் நல்ல ரம்புட்டான் சிவப்பு என்று எனக்கு ஞாபகம். உனக்கு எப்படி?

உன்,
ஞானசம்பந்தம்


சுரண்டை
19-6-1958

அத்தானுக்கு வடிவு எழுதுவது.

பெண்டாட்டி தன்னை விலக்கிவிடச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறாள். அதற்குப் பதிலாகப் பெஞ்சைப் பிடுங்கின கதையை எழுதுகிற புருஷன் இந்தத் திருநெல்வேலி ஜில்லாவிலேயே நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். வக்கீலைப் பார்த்தீர்களா? அதைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. உங்கள் கடிதத்தை அண்ணன் கேட்டபோது, மில் விஷயம் என்று சொல்லி மறைத்து வைக்க வேண்டியதாயிற்று.

அது ரம்புட்டான் சிவப்பு இல்லை. மங்குஸ்தான். அதிலும் பழுத்துக் கறுத்தது இல்லை, "ரெண்டு நாளு வச்சித் தின்னுங்கம்மா" என்று சொல்லிக் கொடுப்பானே குற்றாலத்துப் பழக்கடைக்காரன், அந்தத் தோலின் நிறம். வண்டி வந்த அன்றைக்கு ஐந்தருவி வரைக்கும் போனோம். நீங்கள் ரோட்டைப் பார்த்து ஓட்டினீர்கள், நான் போக வர அந்தச் சீட்டைத்தானே தடவிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாதா?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை. உங்கள் சாய்மானம் இந்த ஊரில்தான் இருக்கிறது. பஜாரில் இசக்கியப்பன் சலூனில், முடி வெட்டக் காத்திருக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு முதுகாக வைத்து ஆணி அடித்திருக்கிறது. எத்தனை தலை எண்ணெய் ஏறியதோ, கறுத்துப் போயிருக்கிறது. ஆனால் அந்த மேல் விளிம்பு வளைவும் நெடுக்கு மடிப்பும் வேறு எதற்கும் வராது. பெண்பிள்ளை சலூன் வாசலில் நின்று பார்க்க முடியுமா? எதிர்க் கடையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற சாக்கில் நின்று பார்த்தேன். கடைக்காரன், "தாயீ, எல்லாம் ஒரே செடியில காச்சதுதான்" என்கிறான்.

நான் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள்.

வடிவு


தென்காசி
25-6-1958

பிரியமுள்ள வடிவுக்கு,

உன் கண்ணுக்குத் திருஷ்டி சுற்றிப் போடவேண்டும். நான் தென்காசியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் ஒரு பழைய இரும்புக் கடை விடாமல் விசாரித்துவிட்டேன். நீ கத்தரிக்காய் வாங்கப் போன இடத்தில் கண்டுபிடித்திருக்கிறாய். துல்கர்னைன் பாயிடம் படித்துக் காட்டினேன். "ஆச்சி இங்கன இருந்திருந்தா வேலை பாதி முடிஞ்சிருக்கும் அண்ணாச்சி" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

அதை எப்படியாவது வாங்கி அனுப்ப உன் அண்ணனிடம் சொல். தோல் கிழிந்திருந்தால் கவலை இல்லை. பாய் அந்தத் தையலைப் பிரித்து, பழைய துண்டுகளை அளவாக வைத்துத்தான் புதுசை வெட்டப் போகிறார். பழசு கையில் இல்லாமல் கத்தரியையே எடுக்க மாட்டேன் என்கிறார். அவர் ஒரு பிடிவாதக்காரர், உன்னைப் போல. மெத்தைக்குள் குதிரை முடிதான் வைக்க வேண்டும், தேங்காய் நார் வைத்தால் ஆறு மாதத்தில் பள்ளம் விழுந்துவிடும் என்று சொல்லி, ஜட்கா ஸ்டாண்டுக்குத் தினமும் போய்வருகிறார். இப்போது தென்காசிக் குதிரை ஒன்றுக்கும் ஈ ஓட்ட வால் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். தோல் மெட்ராஸ் பெரியமேட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். உனக்கு மனசுக்கு ஆகாதென்றால் அதே நிறத்தில் ரெக்ஸின் போட்டுவிடலாம். நாம் சைவக் குடும்பம், நீ வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். உட்காரப் போகிறவள் நீ, நீயே சொல்.

அக்கா வந்து பார்த்தாள். இரண்டு மெத்தையை மட்டும் வைத்து அளந்துகொண்டிருந்தோம். "அப்போ எனக்கு?" என்றாள். "அக்கா, குற்றாலத்துக்கு நெனச்ச நேரம் பஸ் இருக்கு. நானே ஏத்தி விடுதேன்" என்றேன். அப்போதிருந்து என்னோடு பேச்சில்லை. ஆனால் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது.

உன்,
ஞானசம்பந்தம்


சுரண்டை
9-7-1958

அத்தானுக்கு வடிவு எழுதுவது.

சாய்மானம் நாளைக் காலை பஸ்ஸில் மேலே கட்டி வரும். கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறது, நீங்களே போய் இறக்குங்கள்.

லேசில் கிடைத்ததென்று நினைக்காதீர்கள். அண்ணன் போய்க் கேட்டதற்கு இசக்கியப்பன், "அண்ணாச்சி, எல்லாப் பயலும் இதுல சாஞ்சு பழகிட்டானுவ. எடுத்தா நாளைக்கே அடுத்த கடைக்குப் போயிருவானுவ" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான். விலை சொன்னாலும் மசியவில்லை. அப்புறம் நான் இலவம்பஞ்சு வாங்கி, பெஞ்சு நீளத்துக்கு ஒரு முதுகு மெத்தை தைத்தேன். மேலே பூப்போட்ட கெட்டித் துணி, அழுக்கானால் கழற்றித் துவைக்க நாடா வைத்தேன். அதைக் கொண்டுபோய் வைத்துச் சாய்ந்து பார்த்துவிட்டு அவனே ஆணியைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டான். இப்போது முடி வெட்ட வேண்டாதவர்களும் அங்கே போய் உட்காருகிறார்களாம்.

நான் தைத்துக்கொண்டிருந்ததை அண்ணன் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏட்டி, ஒன் மாப்பிள்ளைய வேண்டாம்னுட்டு வந்திருக்க. அவன் காரு சீட்டுக்கு ராத்திரி பகலா தைக்குத. ஒனக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு?" சிரித்தேன், அப்புறம் அடுப்படியில் போய் அழுதேன்.

தோலே போடுங்கள். ரெக்ஸின் வெயிலில் சுட்டுச் சேலையோடு ஒட்டிக்கொள்ளும். கோயிலுக்கு ஆகாதென்றால் அதற்குத்தானே குற்றாலத்தில் சாமி அருவியையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். இறங்கினதும் தலை முழுகிவிட்டு ஈரத்தோடு போய்க் கும்பிட வேண்டியதுதான். இது யாரோ உட்காரப் போகிறவளுக்காகச் சொல்கிறேன், எனக்காக இல்லை.

அத்தான், இனி விளையாட வேண்டாம். ஒரு மாதமாகிவிட்டது. நீங்கள் மெத்தை, முடி, மடிப்பு என்று எழுதுகிறீர்கள், எனக்கு இங்கே ஒரு வாய் இறங்கவில்லை. தபால்காரர் வருகிற நேரத்தில் வாசலில் நிற்கிறேன், படித்துவிட்டு இதற்கா நின்றோம் என்று இருக்கிறது. பிள்ளை வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டா இல்லையா? நான் இருக்கவா, போகவா? சீட்டைப் பற்றி இன்னொரு கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

வடிவு


தென்காசி
28-7-1958

என் வடிவுக்கு,

பிரித்துவிட்டாய் அல்லவா, சரி. சீட்டைப் பற்றியும் எழுதுவேன், நீ கேட்டதையும் எழுதுவேன். எனக்கு இரண்டும் வேறு வேறு இல்லை.

சாய்மானம் வந்ததும் பாய் தையலைப் பிரித்தார். வெளியே எல்லாம் வெளுத்தும் கறுத்தும் கிடந்த தோல், மடிப்பைத் திறந்ததும் உள்ளே வெயிலே படாத இடத்தில் அன்றைக்குப் போட்ட சாயம் அப்படியே இருந்தது. பழக்கடைக்கு ஆள் அனுப்பி, செங்காயாக ஒரு மங்குஸ்தான் வாங்கிவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்தோம். வடிவு, ஒரு நூல் வித்தியாசம் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் தடவிப் பார்த்த நிறத்தை இப்படிச் சொல்ல யாரால் முடியும்? எனக்குப் பெருமை தாங்கவில்லை. மில்லில் நெல் அவிக்க வந்தவர்களிடமெல்லாம் அந்தத் தோலையும் பழத்தையும் காட்டி, என் வீட்டுக்காரி சொன்னது என்று சொன்னேன். ஒருவர் அந்தப் பழத்தைத் தின்றுவிட்டார்.

வேலை முடிந்துவிட்டது. மடிப்பு ஒவ்வொன்றும் விரல் போட்டு அளந்த மாதிரி வந்திருக்கிறது. உட்கார்ந்தால் மெத்தை ஒரு மூச்சு விட்டு உன்னை ஏந்திக்கொள்கிறது. துல்கர்னைன் பாய் வலது பக்கம் என்னை உட்காரச் சொல்லிப் பார்த்தார். இடது பக்கம் அவரை உட்காரச் சொன்னேன். "அது ஆச்சி எடம், நான் உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். இந்தக் கடிதம் எழுதுகிற வரைக்கும் அதில் யாரும் உட்காரவில்லை.

இனி நீ கேட்டது. ஆசை இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது, இப்போதும் இருக்கிறது. தெருவில் எவனாவது பிள்ளையைத் தோளில் தூக்கிப் போனால் பார்க்கத்தான் செய்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை உன்னிடம் பிறந்ததாகத்தான் எனக்கு நினைக்கத் தெரிகிறது. இலத்தூர்ப் பெண்ணோடு சேர்த்து நினைத்துப் பார் என்று அக்கா சொன்னாள். முடியவில்லை. உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் போய்க் காரில் உட்கார்ந்தேன். பெஞ்சில் அவ்வளவு இடம் காலியாக இருந்தது. எனக்கு அந்த இடம் வேண்டாம் என்று அப்போதுதான் சுத்தியலை எடுத்தேன். எனக்கு இரண்டு சீட் போதும். பிள்ளை இல்லாவிட்டால் இல்லை. நீ இல்லாவிட்டால் முடியாது.

அக்காவிடமும் இதையே சொன்னேன். நேற்றுத்தான் பேசினாள். "ஆடி கழியட்டும்லே, ஆவணி பொறந்ததும் போயிக் கூட்டிட்டு வா" என்கிறாள். ஆடி போனால் சாரலும் போய்விடும். என்னால் காத்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் எடுத்துக்கொண்டு சுரண்டைக்கு வருகிறேன். வானம் மூடியிருந்தால் ஹூட்டைப் போட்டு, பக்கத் திரையையும் மாட்டிக்கொண்டுதான் வருவேன். புதுத் தோல் எண்ணெய் குடித்துப் பதமாகிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, பட்டால் திட்டுத்திட்டாகிவிடும் என்று பாய் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உன்,
சம்பந்தம்


சிவமயம்

சுரண்டை
31-7-1958

என் அத்தானுக்கு வடிவு எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். நீங்கள் காரில் வந்து கூட்டிப் போனால், இவள் கோபித்துக்கொண்டு போனாள், அவர் பாவம் பார்த்துத் திரும்ப அழைத்துக்கொண்டார் என்று இந்த ஊரும் சொல்லும், அந்த ஊரும் சொல்லும். நானாகத்தான் வந்தேன், நானாகத்தான் திரும்புவேன். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். தென்காசி பஸ் ஸ்டாண்டில் காரோடு நில்லுங்கள்.

பிள்ளை ஆசை இப்போதும் இருக்கிறது என்று எழுதினீர்களே, அதைப் படித்துத்தான் மனசு துணிந்தது. இல்லவே இல்லை என்று எழுதியிருந்தால், எனக்காகப் பொய் சொல்கிறார் என்று இங்கேயே இருந்திருப்பேன். அந்த ஆசையையும் வைத்துக்கொண்டு என்னையும் வேண்டும் என்கிற மனிதருக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. எனக்கும் அது இருக்கிறது அத்தான், போகாது. இரண்டு பேருமாக வைத்துக்கொள்வோம். உங்களைக் கட்டிக்கொண்டதற்கு நான் போன பிறவியில் என்ன புண்ணியம் செய்தேனோ, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மதினியை இனிமேல் தனியாகப் பஸ்ஸில் ஏற்றி விட வேண்டாம். அவர்கள் குற்றாலம் போகிற அன்றைக்கு நானும் கூட ஏறிக்கொள்கிறேன், நீங்கள் பின்னால் காரில் வாருங்கள். ஆனால் இந்தச் சனிக்கிழமை மட்டும் இல்லை.

சனிக்கிழமை எனக்கு ஒன்று செய்ய வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதியும் மெதுவாக ஓட்டுங்கள். கடை திறக்கிற நேரம், எல்லாரும் வாசலில் நிற்பார்கள். நம் வண்டியில் எத்தனை பேருக்கு இடம், யார் யார் உட்கார்ந்திருக்கிறோம் என்று நன்றாகப் பார்க்கட்டும். நான் தலையைக் குனிய மாட்டேன்.

ஹூட்டை மடக்கி வையுங்கள், திரையையும் மாட்டாதீர்கள். மழை வந்தாலும் போடக் கூடாது. துல்கர்னைன் பாயிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். சீட் நனைந்தால் நனையட்டும்.

உங்கள்,
வடிவு